காலரைத் தூக்கிவிட்ட காரணம்

ஏலே பேராண்டி, இங்கன வா. கோவில்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலுக்கு ஆடு மாடே நிழலைத் தேடி ஓடுது. நீ என்னடான்னா சட்டைக் காலரைக் காது வரைக்கும் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரியிற. சென்னையில சம்பளம் ஏத்திட்டாங்க போல, அந்தக் கெத்துன்னு முதல் நாள் நினைச்சேன். ரெண்டாம் நாள் பார்த்தா, சோறு தின்ன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உன் வலது கை ரெண்டு விரலும் தாடைக்குக் கீழயே குடியிருக்கு. மூணாம் நாள் செல்போனைப் பார்த்துட்டுப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க. நேத்து டீக்கடையில சலூன்காரர் என் காதைக் கடிச்சார்: "உங்க பேரன் கழுத்துல ஒரு உருண்டை இருக்கு அண்ணாச்சி. கத்தியைச் சுத்தித்தான் ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுட்டார், அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்." டீக்கடையில அப்ப பதினோரு பேர் இருந்தாங்க. சலூன்ல ரகசியம் சொல்றதும் கோயில் மைக்குல சொல்றதும் ஒண்ணுடா.

சரி, காலரை இறக்கு. தாத்தா கை கடிக்காது.

ம்... பட்டாணிக்கு மேல, மொச்சைக்கொட்டைக்கு வரும். விரலுக்கடியில வழுக்கிக்கிட்டு நகருது. அமுக்கினா வலிக்குதா? வலிக்குது. எத்தனை நாளாச்சு? பத்து நாளா. நல்லது, நான் கையை எடுத்துட்டேன், நீயும் எடு. புரோட்டா மாவாடா அது, இந்தப் பிசை பிசையுற? பிசைஞ்சா வலிக்கும், வலிச்சா போன்ல தேடுவ, தேடினா பயம் வரும், பயந்தா மறுபடியும் பிசைவ. செக்குமாட்டைக்கூட சாயங்காலம் அவுத்து விட்டுருவாங்க, உனக்கு ராத்திரியும் லீவு இல்ல.

நீ அஞ்சாப்பு லீவுக்கு வந்தப்ப வேலிக்கருவை முள்ளை மிதிச்சியே, ஞாபகம் இருக்கா? முள்ளு ஏறுனது குதிங்கால்ல, வீங்குனது தொடையிடுக்குல. உங்க ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவ. தடவிப் பார்த்துட்டு "நெறி கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல"ன்னு குதிங்கால்ல முள்ளைத் தேட ஊக்கை எடுத்தாளே தவிர, தொடையிடுக்குக்கு வைத்தியம் பார்க்கலை. அன்னைக்கு ஊக்கைப் பார்த்துதான் அழுத, நெறியைப் பார்த்து அழலை. அதே நெறிதான் இன்னைக்குக் கழுத்துல ஏறியிருக்கு. இடம் மாறினதும் நீ இங்கிலீஷ்ல பயப்படுற.

ஓடைத்தண்ணி கண்மாய்க்குள்ள நுழையுற இடத்துல முள்ளை வெட்டி அடைச்சு வைப்போம்ல? செத்தை குப்பையெல்லாம் அதுல சிக்கும். உடம்புல ஓடுற நிணநீருக்கும் அப்படி நூத்துக்கணக்குல முடிச்சு இருக்கு, கழுத்துல மட்டும் முந்நூறு கிட்ட. வாய், மூக்கு, காது, தொண்டைன்னு கிருமி நுழையுற வாசலெல்லாம் இங்கதானே இருக்கு, அதனால கூட்டம் ஜாஸ்தி. தலையில பேனும் புண்ணுமா இருக்குற பிள்ளைக்குப் பிடரியில நெறி கட்டும். தொண்டைப்புண்ணுக்குத் தாடைக்கோணத்துல கட்டும். சொத்தைப்பல்லுக்குத் தாடைக்கு அடியில கட்டும். வீங்கியிருந்தா பெரும்பாலும் அந்த முடிச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்க ஆபீஸ்ல வேலை செய்யாமலே வீங்குறவன் இருப்பான், அது வேற சங்கதி.

இந்தா, கடலைமிட்டாய். தின்னுக்கிட்டே கேளு.

எனக்கு ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அது நெறி இல்ல, காதுக்குக் கீழ இருக்குற எச்சில் சுரப்பி வீங்குறது. பேர்லயே பொன்னு இருக்கா, கழுத்துல தங்கச் சங்கிலி போட்டா வடிஞ்சிரும்னு ஊர்ல நம்பிக்கை. எங்க வீட்டுல தங்கம்னா சாமி படத்துல இருக்குற கலருதான். எங்கம்மா போயி மேலவீட்டுக்காரம்மாகிட்டக் கெஞ்சி ரெண்டு பவுன் சங்கிலியை இரவல் வாங்கிட்டு வந்தா. கூடவே அந்தம்மாவும் வந்து என் கட்டில் பக்கத்துல மூணு நாள் உட்கார்ந்திருந்துச்சு. ஊரே மெச்சிச்சு, என்ன பாசம்னு. அந்தம்மா என் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கலைடா, கண்ணு பூரா கொக்கியிலதான். மூணாம் நாள் சங்கிலியைக் கழட்டிக்கிட்டுப் போயிருச்சு. வீக்கம் வடிஞ்சது எட்டாம் நாள். ஆனா சங்கிலிதான் குணமாக்குச்சுன்னு அந்தம்மா சாகுற வரைக்கும் பேரு வாங்கிக்கிச்சு.

பட்டிக்காட்டு மூடத்தனம்னு சிரிக்காதே. நம்ம ஊர்ப்புற நூலகத்துல நூலகர் தூங்குற நேரமெல்லாம் நான் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இங்கிலாந்துல ராசா தொட்டா கழுத்துக்கட்டி போயிரும்னு பல நூறு வருசம் நம்பியிருக்கான் வெள்ளைக்காரன். நோய்க்குப் பேரே "ராசாவின் பிணி". ரெண்டாம் சார்லஸ் மட்டும் 90,000 பேருக்கு மேல கழுத்தைத் தொட்டிருக்கார். ராசாவேலையை எப்பப் பார்த்தாரோ! தொட்டுட்டு, தங்கக் காசு ஒண்ணை நாடாவுல கோத்துக் கழுத்துல மாட்டிவிடுவாங்க. எங்கம்மா ரெண்டு பவுனை இரவல் வாங்குனா, அவன் அரண்மனையிலயே வாங்கிட்டான். வித்தியாசம் அவ்வளவுதான். பெரிய இங்கிலீஷ் அகராதி எழுதுன சாமுவேல் ஜான்சன் இருக்காரே, அவரை ரெண்டரை வயசுப் பிள்ளையா 1712-ல ஆன் ராணிகிட்டத் தூக்கிட்டுப் போனாங்க. ராணி தொட்டா, காசு மாட்டுனா. கட்டி போகலை, அறுத்துத்தான் பார்த்தாங்க. தழும்பும் அந்தக் காசும் கடைசி வரைக்கும் கழுத்தோட இருந்துச்சு. 1714-ல வந்த ஜார்ஜ் ராசா, இந்தத் தொடுற வேலையெல்லாம் நமக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டார்.

அந்த நோயைத்தான் நம்ம வைத்தியருங்க கண்டமாலைன்னாங்க. கண்டம்னா கழுத்து, மாலை போட்ட மாதிரி வரிசையா கட்டி வரும். லத்தீன்காரன் பெண்பன்னின்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து பேரு வச்சிருக்கான். நோயாளிக்கு மரியாதை குடுக்குறதுல நாம ஒரு படி மேலதான். கட்டி பலபேருக்கு ராசா தொட்டுப் போகலை, காலம் போயி அதுவா அமுங்குச்சு. பேரு ராசாவுக்குப் போச்சு. மந்திரிச்சவன், தாயத்துக் கட்டுனவன், மேலவீட்டுச் சங்கிலி எல்லாம் ஒரே கட்சிதான்.

இதுல நாம பிடிச்சுக்க வேண்டிய நுனி ஒண்ணு இருக்கு. தானா போறது பெரும்பாலும் ரெண்டு வாரத்துல இறங்க ஆரம்பிச்சிரும், சாமானியத் தொண்டைப்புண்ணு, சளி, பல்லு நெறியெல்லாம் அப்படித்தான். ரெண்டு வாரம் தாண்டியும் அப்படியே நிக்குதா, வளருதா, சங்கிலியைத் தேடாம ஆஸ்பத்திரியைத் தேடணும். அதுக்காக எல்லாத்துக்கும் ரெண்டு வாரம்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டும் இருக்கக்கூடாது. கூழாங்கல்லு மாதிரிக் கெட்டியா, நகராம வேரு பிடிச்சிருந்தாலோ, எச்சில் முழுங்க முடியாம, மூச்சு வாங்குனாலோ அன்னைக்கே பஸ் ஏறணும்.

சாமுவேல் ஜான்சன் கதையை நான் ஏன் நெட்டுரு போட்டு வச்சிருக்கேன்னு கேளு. கண்டமாலைக்காரங்க சங்கத்துல நானும் ஒரு உறுப்பினர். உங்கம்மா சொல்லியிருக்க மாட்டா, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கௌரவம் போயிருமாம்.

2012-ல இங்கன, வலது பக்கம், மூணு கட்டி ஒண்ணோட ஒண்ணு திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. உனக்குக் காலர், எனக்குத் துண்டு. மூணு மாசம் கழுத்தைச் சுத்தித் துண்டைப் போட்டுக்கிட்டே திரிஞ்சேன். தாத்தாவுக்குக் கட்சியில பதவி கிடைச்சிருச்சுன்னு ஊர்ல பேச்சு. ஏன் காட்டலைன்னா, வலிக்கலை. வலிக்காத கட்டி நல்ல கட்டின்னு எவன் சொல்லி வச்சானோ! கடன்காரன் தெருவுல நின்னு சத்தம் போட்டா பயமில்லடா, கத்திட்டுப் போயிருவான். சத்தமே இல்லாம வந்து திண்ணையில உட்கார்ந்தான்னா கோர்ட்டு நோட்டீஸ் மடியில இருக்குன்னு அர்த்தம். உன் மொச்சைக்கொட்டை வலிக்குதுன்னதும் நல்லதுன்னேனே, அதனாலதான்.

சாயங்காலமானா உடம்பு கதகதங்கும். ராத்திரி வேர்த்துப் பாய் நனையும். வேட்டி இடுப்புல நிக்கலை. கோஆப்டெக்ஸ்காரன் நீளத்தைக் கூட்டிட்டான்னு உங்க ஆச்சிகிட்டச் சொன்னேன். "வேட்டி நீளலை, நீருதான் சுருங்குறீரு"ன்னா. அவ பேச்சைக் கேட்டிருந்தா மூணு மாசம் மிச்சம். நான் யாரு? சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் பத்துப் போட்டேன். எருக்கம்பாலை வச்சேன், தோலு வெந்துச்சு. மெடிக்கல்ல போயி "கழுத்து வீக்கத்துக்கு ஏதாவது குடுப்பா"ன்னேன், பேப்பர்ல மூணு கலர் மாத்திரையை மடிச்சுக் குடுத்தான். நாலு நாள் வாடுன மாதிரி வாடி, பழையபடி நிமிந்துக்கிச்சு. அந்த மாதிரிக் கலப்பு மாத்திரையில ஸ்டீராய்டு இருந்தா, உள்ள இருக்குற நோயைக் கொஞ்ச நாள் மூடிக் காட்டுமாம், அப்புறம் டாக்டரு டெஸ்ட் எடுத்தாலும் பிடிபடாம ஏமாத்துமாம். திருட்டுப்பயலுக்கு முக்காடு வாங்கிக் குடுக்குற வேலை.

கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போனா, உன் வயசு டாக்டரம்மா. ஊசி வச்சுக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கணும் தாத்தான்னுச்சு. நான் எந்திரிச்சிட்டேன். "ஊசி குத்துனா கட்டி கலைஞ்சு உடம்பு பூரா பரவிரும்மா, எங்களுக்குத் தெரியாதா?" அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்ல. வெந்துபோன தோலைப் பார்த்துட்டு, "எருக்கம்பால் ஊத்துனப்ப பரவலையா தாத்தா?"ன்னுச்சு. உட்கார்ந்துட்டேன். மயிரிழை ஊசிடா, ஒரு நிமிசம்கூட ஆகலை. கொசுக்கடிக்கு நான் போடுற கூப்பாடு இதைவிடப் பெருசு. கையை வச்சுத் தடவிப் பார்க்குறது குறி சொல்ற மாதிரி, ஊசியும் தேவைப்பட்டா ஒரு முடிச்சை அறுத்தெடுத்துப் பார்க்குறதும்தான் சாட்சி. இப்பல்லாம் அந்த ஊசிச் சொட்டையே மெஷின்ல வச்சு ரெண்டு மணி நேரத்துல கிருமி இருக்கா இல்லையான்னு சொல்லிருதாங்க.

எனக்கு வந்தது நெறியில காசநோய். "இருமலே இல்லையேம்மா"ன்னேன். நுரையீரல்ல இருந்தாத்தான் இருமல், இது கழுத்தோட நிக்குது, அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு எழுதிக்குடுக்காத குறையா சொன்னா. அதை எங்க டீக்கடையில போயி யாரு விளக்குறது? எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. அப்ப பேப்பர் கப்பு கல்யாண வீட்டுலதான் பார்க்கலாம், அந்த மரியாதையை ஆறு மாசம் அனுபவிச்சேன்.

மாத்திரை எங்க குடுத்தாங்கன்னு நினைக்கிற? அங்கன்வாடியில. என் பேரு எழுதின செவப்புப் பெட்டி ஒண்ணு டீச்சர் மேசையில இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், டீச்சர் கண்ணு முன்னால 7 மாத்திரை முழுங்கணும். சுத்தி மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைக சத்துமாவு உருண்டையைக் கையில வச்சுக்கிட்டு என் வாயையே பார்க்கும். முழுங்குனதும் கைதட்டும். ஒரு நாள் ஏழாவதை நாக்குக்கடியில ஒதுக்கிட்டேன், ஒரு வாண்டு "டீச்சர், தாத்தா முழுங்கல"ன்னு போட்டுக் குடுத்துருச்சு. இன்னைக்கு அது பாலிடெக்னிக் படிக்குது, போலீஸ் வேலைக்குத்தான் லாயக்கு.

முதல் நாள் ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர். சோலி முடிஞ்சதுன்னு உங்க ஆச்சியைக் கூப்பிட்டு நிலப்பத்திரம் எங்க இருக்குன்னு சொல்லிட்டேன். மாத்திரையோட சாயம்தான் அதுன்னு டீச்சர் சாயங்காலம் வந்து சொல்லுது. பத்திரத்தை உங்க ஆச்சி திருப்பித் தரலை. ரெண்டாம் மாசம் பக்கத்துல புதுசா ஒரு கட்டி எந்திரிச்சுச்சு. மருந்தை நிறுத்திரலாம்னு பார்த்தேன். நெறிக் காசத்துல சிலபேருக்கு மருந்து கேக்கும்போதே இப்படிக் கொஞ்சம் வீங்கிட்டு அமுங்கும், ஆனா அதை நீங்களா முடிவு பண்ணாதீங்க, என்கிட்டக் காட்டுங்கன்னு டாக்டரம்மா கண்டிச்சுச்சு. காட்டுனேன், அமுங்குச்சு. ஆறாம் மாசம் வேட்டி பழைய நீளத்துக்கு வந்துருச்சு. இப்ப தினசரி மாத்திரையாக்கிட்டாங்க. சாப்பாட்டுச் செலவுக்கு 2018-ல இருந்து மாசம் 500 ரூபா, 2024 நவம்பர்ல இருந்து 1,000 ரூபா கணக்குல போடுறாங்களாம். நான் ஆறு வருசம் அவசரப்பட்டுட்டேன்.

பெர்லின்ல ராபர்ட் காக் 1882 மார்ச் 24-ல அந்தக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சுச் சொன்னதுக்கு அப்புறம்தான் ராசாவும் சங்கிலியும் இதுல செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு தெளிவாச்சு. நூத்தி முப்பது வருசம் கழிச்சு நான் எருக்கம்பால் வச்சிருக்கேன் பாரு, நம்ம ஊருக்குத் தபால் அவ்வளவு தாமதம்.

போன்ல உனக்கு லிம்போமான்னு, நெறியில வர்ற புத்துநோயின்னு வந்துச்சாக்கும்? முழிக்காதே, உங்கம்மா பார்த்துட்டா. தாமஸ் ஹாட்ஜ்கின்னு ஒரு லண்டன் டாக்டர் 1832-லயே அதுல ஒரு வகையை எழுதி வச்சிருக்கார். ரப்பர் மாதிரி, வலியில்லாம, தடவுனா தெரியுற முடிச்சு, கூடவே காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையுறதுன்னு வரலாம். ஹாட்ஜ்கின் சொன்ன அந்த வகைக்காரங்க இன்னைக்கு மருந்தெடுத்துப் பெரும்பாலும் குணமாகிப் போறாங்க. ஆனா போன்ல நீ நோயைப் படிச்ச, குணமானதைப் படிக்கலை. பயந்தவனுக்கு எப்பவும் முதல் பக்கம்தான் கண்ணுல படும்.

மேலத்தெரு தாத்தா, என் மச்சான், அவரு பயப்படவே இல்ல. புகையிலையைக் கடைவாயில அதக்கிக்கிட்டேதான் தூங்குவாரு. அதே பக்கம் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு, காரம் பட்டா எரியும்னு சோத்துல தயிரை ஊத்திக்கிட்டாரு. அப்புறம் தாடைக்கடியில கட்டி. கூழாங்கல்லு. நான் தொட்டுப் பார்த்துருக்கேன், இந்த விரலால. வலிக்கலைன்னுட்டாரு. ரெண்டு பேரும் சேர்ந்து சீட்டாடினோம், நானும் சொல்லலை. வாயில மூணு வாரம் ஆறாத புண்ணு இருந்தா வாயைத் திறந்து காட்டணும்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சு சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரோ என்னவோ. அந்தச் சீட்டுக்கட்டு இன்னும் பரண்ல கிடக்கு.

சரி விடு. நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ல போறோம். டாக்டர் என்ன பண்ணுவார்னு முன்கூட்டியே சொல்லிருதேன், அங்க போயி மிரளாதே. உனக்குப் பின்னாடி போயி நின்னு ரெண்டு கையாலயும் கழுத்தைத் தடவுவார். வட்டிக்காரன் கழுத்தை நெரிக்க வந்த மாதிரியே இருக்கும், அசையாம இரு. ஒரு கிளாஸ் தண்ணி குடுத்து முழுங்கச் சொன்னா, உன் தாகத்துக்கு இல்ல. தைராய்டு கட்டின்னா முழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும், அதைப் பார்க்க. காறை எலும்புக்கு மேல இருக்குற குழியில விரலை விடுவார். இடது பக்கக் குழியில கெட்டியா முடிச்சு இருந்தா சில சமயம் வயித்துக்குள்ள நோய் இருக்கும்னு விர்ச்சோங்குற ஜெர்மன் டாக்டர் எப்பவோ சொல்லி வச்சது. திருட்டு வீட்டுக்குள்ள, நாய் குரைக்கிறது தெருமுனையில. அதனால கழுத்துக்கு வந்தவனுக்கு வயித்தை ஏன் அமுக்குறார், அக்குளை ஏன் தடவுறார்னு முறைக்காதே. வாயைத் திறக்கச் சொன்னா முழுசாத் திறக்கணும், சம்பளக் கவர் மாதிரிக் கொஞ்சமாத் திறந்து மூடக்கூடாது.

ஏன் வாயைச் சொன்னதும் கன்னத்துல கையை வைக்கிற?

கடலைமிட்டாய் எப்படி? கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாயி ரெண்டு பக்கமும் அரைக்கணும்டா, அதுதான் அதுக்கு மரியாதை. நீ வந்த நாள்ல இருந்து இடது பக்கமாவே சாப்பிடுற. முறுக்கைக்கூட இடது பக்கம் தள்ளித்தான் கடிச்ச. உன் உருண்டை வலது பக்கம். வலது கடைவாய்ப்பல்லு எத்தனை மாசமாச் சொத்தை? ஏழு மாசமா! பல்லு டாக்டர் ஊசிக்குப் பயந்துக்கிட்டு ஏழு மாசம். பத்து நாள் முன்னாடி ராத்திரி தூங்காம விண்ணு விண்ணுன்னு இருந்துச்சா? அதையும் சொல்லு, நாளைக்கு டாக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன், உன் வாயாலதான் சொல்லணும்.

தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேக்குற. எனக்கு என்னடா தெரியும்? எருக்கம்பால் வச்சவன் நான். பல்லுன்னு நான் குறி சொன்னா, நீ அந்த நிம்மதியில சென்னைக்கு ரயில் ஏறிருவ. பல்லும் அப்படியே இருக்கும், கட்டியும் அப்படியே இருக்கும், என் குறி தப்பாப் போனா ரெண்டு பேருக்கும் தெரியாது.

அந்த நாள்காட்டியை எடு. பல்லைச் சரி பண்ணி, அதுல இருந்து ரெண்டு வாரம் கழிச்சுக் கழுத்தை மறுபடி டாக்டர்கிட்டக் காட்டணும், அமுங்கியிருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நாளைக்கே பல்லுக்கு வேலை ஆரம்பிச்சாங்கன்னு வச்சுக்க. நாளைக்குத் தாள்ல இருந்து பதினாலு தாளைத் தள்ளு. மூலையை மடி. என்ன போட்டிருக்கு? அஷ்டமியா? உங்கம்மா போகக் கூடாதும்பா.

அன்னைக்கே போ. ஆஸ்பத்திரியில கூட்டம் இருக்காது.